சைக்கிள் நிற்கும் கட்டம்

திருநெல்வேலிச் சந்திக்குப் பின்னால்
மூன்றாம் மாடி, தகரக் கூரை,
உளவியல் டிப்ளோமா, சனிக்கிழமை வகுப்பு.
நாயும் மணியும் எச்சிலும் என்று
இரண்டு கிழமை கத்திப் பார்த்தேன்.
ஒரு வாயிலிருந்து அடுத்த வாய்க்குக்
கொட்டாவி தாவியது.
அதுவும் பாடம்தான்,
ஆனால் அடுத்த தவணைக்குரியது.

மூன்றாம் கிழமை
சித்திரக்கதை கீறிக்கொண்டு போனேன்.
நாயகன், துப்பறியும் ஓணான்.
எதைக் கேட்டாலும் தலையாட்டுவான்.
நம்புகிறான் என்று நினைத்துக் கள்ளர்கள்
மிச்சத்தையும் சொல்லிவிடுவார்கள்.

முதல் கட்டத்தில் பாண் ஓட்டோ வருகிறது,
முதுகில் கண்ணாடிப் பெட்டி,
காது புளித்த அதே மெட்டு.
இரண்டாவதில் ஓணானுக்கு வாயூறுகிறது.
மூன்றாவதில் ஓட்டோ இல்லை, பாண் இல்லை,
பக்கத்து வீட்டுப் பெடியனின் ஃபோன்
அந்த மெட்டில் அடிக்கிறது.
ஓணானுக்கு வாயூறுகிறது.

கடைசி வாங்கில் சிரிப்பு வெடித்தது.
அந்த நேரம் பார்த்துக் கீழே தெருவில்
உண்மையான பாண் ஓட்டோ போக,
வகுப்பு முழுக்க எச்சில் விழுங்கியது,
நானும்.

"காமிக்ஸ் படிப்பிக்கவோ காசு குடுக்கிறம்?"
அலுவலகத்திலிருந்து எட்டிப் பார்த்தார் நிர்வாகி.
ஓணானைப் போலத் தலையாட்டினேன்.

பிறகு குமிழிகள்.
வழுவழுப்பானது வாயிலிருந்து வருவது,
மேகம்போல் நெளிந்தது மண்டையிலிருந்து.
"இரண்டும் முட்டிக்கொண்டால்?"
கம்சிகா எழும்பி வந்து பலகையில் கீறினாள்.
கனடாவிலிருந்து பெண் பார்க்க வந்த சனம்.
தட்டில் றோல்ஸ்.
பெண்ணின் குமிழியில் 'ஓம்'.
மேகத்துக்குள் ஒன்றும் இல்லை.
"எழுத மறந்திட்டீரோ?"
"இல்லை மிஸ். அங்க இன்னும் ஒண்டும் வரேல்ல."
பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் இல்லை.
தேடிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

வில்லனைக் கீறும்போது பிழைவிட்டேன்.
கை பழகிய பழக்கம்,
கன்னத்தில் ஒரு தழும்பு போட்டது.
யூட் நிரோஜன் தன் கன்னத்தைத் தடவவில்லை.
தடவாமல் இருப்பதற்காகப்
பேனையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.
முகத்தைக் கொண்டு மனதை அளக்கும் பிழை பற்றிய
பாடத்தை அன்று
அழிறப்பரால் நடத்தினேன்.

நேற்று, நிரப்புதல்.
துண்டுகளைக் கொடுத்தால் போதும்,
மனம் முழுதாக்கிவிடும்.
கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே
வெள்ளையாக விட்ட இடத்தில்தான் கதை நடக்கிறது,
கீறுபவர் அங்கே ஒன்றும் கீறுவதில்லை என்றேன்.
ஆளுக்கு இரண்டு கட்டம்,
நடுவை நாங்கள் நிரப்புவோம்.

கபிஷனின் தாள்:
ஒன்றில், சைக்கிளில் ஒரு அப்பா போகிறார்,
ஹான்டிலில் சந்தைப் பை.
இரண்டில், மதிலோடு சாத்தியபடி
சைக்கிள் மட்டும்.
பை தொங்குகிறது.

அந்த விரற்கடை வெள்ளைக்குள்
மண் மூட்டை வந்தது, முள்ளுக்கம்பி வந்தது,
பின்னேரம் நாலு மணி வந்தது.
செருப்பில்லாமல் படலைக்கு ஓடிய அம்மா வந்தா.
பூட்டாமல் நின்ற எங்கள் சைக்கிளை
யாரோ உருட்டிக்கொண்டு வந்து
கிணற்றடியில் விட்டுவிட்டு
ஒன்றும் கதைக்காமல் போனது வந்தது.

"சரி," என்றேன், குரல் எனக்கே கேட்கவில்லை,
"என்ன நடந்தது, சொல்லும்."

"சலூனுக்குப் போட்டார் மிஸ், தலைமயிர் வெட்ட.
மற்றது, எனக்கு
கதிரையில இருக்கிற ஆக்களைக் கீறத் தெரியாது."

வகுப்பு சிரித்தது.
நானும் சிரித்தேன்,
ஒரு கட்டம் பிந்தி.

மினிபஸ்ஸில், புள்ளி போட எடுத்த தாளின் ஓரத்தில்
மூன்றாவது கட்டம் ஒன்று கீறப் பார்த்தேன்.
வெட்டிய தலையோடு ஒருவர்,
பிடரியில் பவுடர்,
சைக்கிளை எடுக்கக் குனிகிறார்.
கோண்டாவில் தாண்டக் குண்டும் குழியும்,
பென்சில் துள்ளியது.
பிடரி மட்டும் சரியாக வந்தது.