உச்ச விலை

காலை ஏழரைக்கு மெஷின்
விலைகளைத் துப்பத் தொடங்கும்.
சூடாக, ஒரு முழம். சில நாள் மூன்று முழம்.
நான் பின்னாஸ்.
கூத்தாஹ்யா பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிர்க்கடையில்
பழைய விலைமேல் புது விலை ஒட்டுகிறவள்.
பால், ஆலிவ், தக்காளிச் சாந்து, டயப்பர்.
கடைசி அலமாரியில் குனிந்து நிமிர்வதற்குள்
சூரியகாந்தி எண்ணெய்க்கு
இன்னொன்று வந்திருக்கும்.

ஹைரெத்தின் விவரமானவர்.
காலையில் வந்து அலமாரியைப் படம் பிடித்துப் போவார்.
மாலையில் கல்லாவில் கைப்பேசியை நீட்டுவார்.
"இதோ வெங்காயம். உன் கையெழுத்து."
என்னுடையதில்லை மாமா, மெஷினுடையது.
"ஒட்டியது யார்?"
ஒட்டியது நான்தான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்
வட்டமாக ஓர் இடிபாடு.
ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முந்தைய சந்தை.
சுவர் முழுக்க எழுத்து.
ஆடுகள் அதில் முதுகு சொறிந்துகொள்ளும்.
அகழாய்வுக்கு வந்த இல்காஸ்
எங்கள் கடையில் தயிருக்குக் கடன் வைத்திருந்தான்.
கடனுக்கு வட்டியாக
ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் படித்துக் காட்டினான்.

"விலைப்பட்டியல், அக்கா.
பேரரசன் போட்ட உச்ச விலை.
இதே பட்டியலை எத்தனையோ ஊர்களில் வெட்டிவைத்தார்கள்."

முடி வெட்ட, தலைக்கு இரண்டு தெனாரி.
சாக்கடை அள்ள, நாளுக்கு இருபத்தைந்து, சாப்பாடு உண்டு.
சிங்கம், ஆண், முதல் தரம்,
ஒன்றரை லட்சம்.
சிங்கத்தை யார் வாங்கினார்கள் என்றேன்.
"இப்போது வாங்குகிறவர்கள்தான்."

மேலே விற்றால் தலை போகும்.
பதுக்கினாலும் போகும்.
போயிற்றா?
"தலைக்கு முன்னால் சரக்கு போய்விட்டது."

அது எனக்குத் தெரியும்.
போன செவ்வாய்க்கிழமை நகராட்சிக்காரர்கள் இருவர்
அதிக விலை பிடிக்க வந்தார்கள்.
அவர்கள் வண்டியை நிறுத்துவதற்குள்
இருபது பெட்டி எண்ணெயை
டயப்பர் மூட்டைக்குப் பின்னால் தள்ளச் சொன்னார் தஹ்சின்.
தள்ளினேன். இடுப்பு இன்னும் பேசுகிறது.
அவர்கள் குறித்துக்கொண்டார்கள், தேநீர் குடித்தார்கள்,
போகும்போது ஒருவர் தாழ்ந்த குரலில்
வீட்டுக்கு எண்ணெய் கிடைக்குமா என்றார்.
கிடைத்தது.
நேற்றைய விலைக்கு.

இல்காஸ் மண்டியிட்டு ஒரு வரியைத் தொட்டான்.
"பளிங்கு வேலைக்காரன், நாளுக்கு அறுபது, சாப்பாட்டுடன்."
அப்படியானால் இதைச் செதுக்கியவன்?
"ஆமாம். அவன் கூலியும் இதில்தான்."

இதற்குமேல் கேட்கக் கூடாதென்று
தன் உளியால், தன் கையால்.
அந்த வரியில் விரலை ஓட்டிப் பார்த்தேன்.
ஒரு பிசிறாவது இருக்கும் என்று நினைத்தேன்,
ஒரு சறுக்கலாவது.
மற்ற வரிகளின் ஆழமேதான்.
தொழில்காரன்.
சிங்கத்துக்கும் தனக்கும்
ஒரே அழுத்தம்.

கல்லில் வெட்டியும்
அது நீர்மேல் எழுத்தாகத்தான் போயிற்றாம்,
சில வருஷங்களில்.

புது வருஷத்துக்கு முன்னால்
குறைந்தபட்சக் கூலியைத் தொலைக்காட்சியில் அறிவித்தார்கள்.
கல்லா வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.
தஹ்சின் தட்டவில்லை. மெஷினுக்கு
புதுக் காகிதச் சுருள் மாட்டிக்கொண்டிருந்தார்.

அன்றிரவு கடை சாத்தியபின்
சர்க்கரை அலமாரியின் விளிம்பை நகத்தால் நெம்பினேன்.
பெருவிரல் தடிமனுக்கு விலைகள்.
இந்த வாரம், போன வாரம்,
என் மகன் பள்ளியில் சேர்ந்த மாதம்,
நான் வேலைக்கு வந்த குளிர்காலம்.
எல்லாவற்றுக்கும் அடியில்
நீல மையில், நிஜமான கையெழுத்து.
ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு.
எனக்கு முன்னால் இருந்த முஸெய்யன் எழுதியது.
பூர்சாவில் துணி ஆலைக்குப் போனவள்.
மூன்று லிரா எழுபத்தைந்து.

திரும்ப ஒட்டப் பார்த்தேன்,
பசை இல்லை.
ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன்.

காலையில் முதல் ஆளாக ஹைரெத்தின்,
வெறும் தகரத்தின் முன்னால்
கைப்பேசியை உயர்த்திக்கொண்டு நின்றார்.
"சர்க்கரைக்கு விலை எங்கே?"

ஒரு நிமிஷம் மாமா,
வந்துகொண்டிருக்கிறது.