ஏழாவது கேள்வி

பீன்யா இரண்டாம் ஃபேஸ், மாதக் கடைசி வெள்ளி.
என் மேஜைமேல் இரண்டு விடைபெறும் படிவங்கள்.
ஒன்று முப்பத்தோரு வருடத்துக்கு,
ஒன்று பதினோரு மாதத்துக்கு.
இரண்டும் ஒரே ஜெராக்ஸ்,
ஓரத்தில் அதே கறுப்புக் கறை.

முனிரத்தினம் முதலில் வந்தார். டோக்கன் 117.
தங்கவயலில் சுரங்கம் மூடப்போகிறதென்ற பேச்சு
டீக்கடைக்கு வந்த மாதமே ரயிலேறியவர்.
காவிரிக்காகப் பஸ்கள் எரிந்த அன்று
ஸ்ரீராம்புரத்திலிருந்து நடந்தே வந்து
கம்ப்ரஸரில் தேங்கிய தண்ணீரை
வடித்துவிட்டுப் போனவர்.
அன்று கம்பெனிக்கே லீவு.
கேட் ரிஜிஸ்டரில் அந்தப் பக்கத்தின்
ஒரே கையெழுத்தை நான் பார்த்திருக்கிறேன்.

நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.
இந்த ஏசி அறைக்குள் இது மூன்றாவது முறை.
முதல் இரண்டும் மெமோ வாங்க.
"காரணம்னு கேட்டிருக்கே மேடம்,
வயசுன்னு போடட்டா?"
போடுங்கள் என்றேன்.

ஏழாவது கேள்வியில் பேனா நின்றது:
உங்களைச் சேர்ந்தவர்களை
இங்கே வேலைக்குச் சேரச் சொல்வீர்களா?

"இத மேல யாராச்சும் படிப்பாங்களா?"
மாட்டார்கள்.
"அப்ப சரி."
இல்லை என்று எழுதினார்.
ஸ்கேல் கேட்டு வாங்கி அடிக்கோடு போட்டார்.

கதவைத் திறந்துகொண்டே சொன்னார்:
"டெஸ்ட் ரூம்ல மூணாவது கேஜ்
ரெண்டு பாயிண்ட் கம்மியா காட்டும்.
நான் மனசுல கூட்டிப்பேன்.
வர்றவனுக்குச் சொல்லிடுங்க."
எத்தனை வருஷமாய்?
"பெரியவளுக்குக் கல்யாணம் ஆன வருஷத்துல இருந்து."
அவர் பேத்தி இப்போது மூன்றாம் வகுப்பு.

எனக்கு அந்தக் கேஜைத் தெரியும்.
பார்த்ததில்லை, படித்திருக்கிறேன்.
ஆறு மெயில்.
ஆறும் தன்மயி அனுப்பியவை,
போட்டோவோடு, விலைப்புள்ளியோடு,
கடைசியில் விலைப்புள்ளி காலாவதியாகிவிட்டது
என்ற தகவலோடு.
கவனத்தில் கொள்ளப்பட்டது என்று
மூன்று முறை பதில் போட்டது நான்தான்.

நாலரைக்கு அவளும் வந்தாள்.
காலை மடித்து வசதியாக உட்கார்ந்தாள்.
ஒயிட்ஃபீல்டில் வேலை, நாற்பது சதவீதம் கூட,
"அதில் பாதி டிராஃபிக்குக்கு" என்று சிரித்தாள்.
தனக்குப் பின் வருபவருக்கென்று
அறுபத்துமூன்று பக்கம் எழுதி வைத்திருக்கிறாள்:
ராஜ்கோட் வார்ப்படக்காரர்
பதினோரு மணிக்கு முன் போன் எடுக்கமாட்டார் என்பது வரை.
யாரும் கேட்கவில்லை அதை.
இரவுகளில் எழுதியிருக்கிறாள், நோட்டீஸ் காலத்தில்,
மற்றவர்கள் லீவைத் தின்று தீர்க்கும் நாட்களில்.

ஏழாவது கேள்விக்கு யோசிக்கவே இல்லை.
ஆம், கேஜை மாற்றினால்.

திங்கள் மீட்டிங்கில் ஜெனரல் மேனேஜர் சொல்வார்:
இந்தக் காலத்துப் பசங்களுக்குக்
கம்பெனி மேல் ஒட்டுதலே கிடையாது.
அவருக்கு இது ஐந்தாவது கம்பெனி.
மினிட்ஸில் அவர் சொன்னதை மட்டும் ஏற்றுவேன்.

சாஃப்ட்வேரில் ஒரு கட்டம் உண்டு,
வருடத்தை வைத்து அதுவே மதிப்பெண் போடும்.
முனிரத்தினம் ஐந்து. தன்மயி ஒன்று.
எனக்கு நான்கு.
என் பதினெட்டு வருடத்தில் அதற்குத் தெரியாதது,
டிராஃப்ட்டில் கிடக்கும் ஒரு ராஜினாமா.
ஒவ்வொரு ஏப்ரலும் அதைத் திறந்து
தேதியை மட்டும் திருத்துகிறேன்.
பையனின் ஃபீஸ், வீட்டுக் கடன்,
அப்புறம் எனக்கே பெயர் தெரியாத ஏதோ ஒன்று.
விசுவாசம் என்று அதை யாரும் சொன்னால்
மறுக்கமாட்டேன், அவ்வளவுதான்.

ஆறு மணிக்கு டெஸ்ட் ரூமுக்கு இறங்கினேன்.
செகண்ட் ஷிஃப்ட் பையன் ஒருவன்
வால்வைப் பொருத்திக்கொண்டிருந்தான்.
என்னைப் பார்த்து எழுந்தான்.
நீ வேலையைப் பார் என்றேன்.

மூன்றாவது கேஜ்.
கண்ணாடியில் விரல் ரேகைகள்.
முள் ஏறி நாற்பத்தெட்டில் நின்றது.

ஐம்பது
என்றேன், வாய்க்குள்.