நாலாம் எண்

முப்பத்திரண்டு டொலர்.
மலிவு விற்பனைக் கூடையில் கிடந்ததை
இரண்டு தரம் எடுத்து இரண்டு தரம் வைத்து
மூன்றாம் தரம் வாங்கி வந்தார் குகநேசன்.
வினிபெக்கில் தாடியை ஒதுக்கிவிட
கடைக்காரன் கேட்பது இருபது, அதற்குமேல் டிப்ஸ்.
"ரெண்டு மாதத்திலை காசு திரும்பி வந்திடும்" என்றார்,
காசு என்னவோ கோபித்துக்கொண்டு போன மருமகன் மாதிரி.

வயர் இல்லை. ஒரு மணிநேரம் சார்ஜ் ஏற்றினால்
இரண்டு கிழமை இழுக்கும்.
பிளாஸ்டிக் சீப்பு ஒன்று, விரலளவு தூரிகை ஒன்று,
ஒன்றிலிருந்து பத்து வரை சுழலும் வளையம்.
அவருக்கு நாலு.
நாலென்றால் தாடி என்று சொல்லலாம்,
பால் தொழிற்சாலையில் தரும் வலைக்குள்ளும் அடங்கும்.

அவருக்கு விடிய ஐந்து மணி பஸ்,
பின்னேரம் பீட்சாக் கடை.
எனக்கு இரவு, ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதி.
வாசலில் எங்கள் சப்பாத்துகள்
எங்களைவிட அதிகம் சந்தித்துக்கொள்கின்றன.
நான் வந்து சேரும்போது முகம்கழுவும் தொட்டியில்
பொறுக்காமல் விட்ட குருணிக்கல் போல
கறுப்புத் துணுக்குகள் கிடக்கும்.
ஆள் எழும்பினார், வெட்டினார், போனார்.
நரைத்தவை வெள்ளைத் தொட்டியில் தெரியாது,
விரலால் தடவினால்தான் உண்டு.
இந்த வருடம் தடவத்தான் வேண்டியிருக்கிறது.

எனக்கு நாற்பத்தாறு.
ஐப்பசியில் தாடையின் இடப்பக்கம் ஒரு முடி.
ஒன்றுதான். பிடுங்கினேன்.
கார்த்திகையில் சொந்தபந்தத்தோடு திரும்பி வந்தது.
மார்கழியில் எண்ணுவதை விட்டேன்.
கூட வேலைசெய்யும் மரிசெல்
நூலால் எடுத்துவிடுகிறேன் என்றாள்.
உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.
சலவை அறை விளக்கு அப்படி.

தையில் ஒரு காலை, வெளியே மைனஸ் இருபத்தொன்பது,
சீப்பைக் கழற்றினேன்.
பொத்தானை அழுத்தியதும் உள்ளங்கையில்
பிடிபட்ட வண்டாகத் துடித்தது.
தாடையில் வைத்தேன். குளிர், பிறகு கூச்சம்.
இரண்டு நிமிடம்கூட இல்லை.
களவெடுத்தவள் போலத் தொட்டியைக் கழுவி,
பல்லிடுக்கைத் தூரிகையால் துடைத்து,
சீப்பைப் பூட்டி,
எடுத்த இடத்தில் எடுத்தபடி வைத்தேன்.
வளையம் ஏழில் நின்றதை
நான் கவனிக்கவில்லை.

அவர் கவனித்திருப்பார்.
ஏழில் வைத்தால் அந்தத் தாடியில் என்ன வெட்டுப்படும்?
மெஷின் காற்றை மேய்ந்திருக்கும்.
கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் வந்து பார்க்கிறேன்,
சீப்பு கழற்றித் தனியே இருக்கிறது,
பக்கத்தில் தூரிகை,
பச்சை விளக்கு முழுதாக எரிகிறது.
மறந்துபோய் விட்டிருப்பார் என்று நினைத்தேன்.
அடுத்த கிழமையும் மறந்தார்.
அதற்கடுத்த கிழமையும்.

இருபது வருடத்தில் எனக்குப் பூ வாங்கியது இரண்டு தரம்,
இரண்டும் வாடத் தொடங்கி அரைவிலைக்கு வந்த பிறகு.

ஞாயிறு இருவருக்கும் லீவு.
குளியல்தொட்டி விளிம்பில் குனிந்து உட்கார்ந்து
"பின்கழுத்து எனக்குத் தெரியுதில்லை, ஒருக்கா பாரும்" என்றார்.
காதுக்குக் கீழிருந்து ஒரு கோடு இழுத்தேன்.
நடுவில் வந்ததும் மெஷின்
முனகி, சிவந்து, நின்றுவிட்டது.

அவர் வாங்கிப் பார்த்தார், தட்டினார்,
பிளக்கில் குத்தினார்.
நிமிர்ந்தவர் என் தாடையைப் பிடித்து
ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.
"இஞ்சை ஒண்டை விட்டிட்டீர்."

ஏற ஒரு மணிநேரம் வேண்டும்.
அரைக்கழுத்து வெட்டிய மனிதர்
தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.
சீனி எவ்வளவு என்று அங்கிருந்து கேட்டார்.
அதை மட்டும் உண்மையாகவே மறந்திருந்தார்.