மூன்று விரல் அகலம்

வலி முதலில் காதுக்குள்தான் இருந்தது.
துறைமுகத்துக் காற்று புகுந்திருக்கும் என்று
பஞ்சு வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினேன்.
காது மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார்.
"காது சுத்தம். வாயைத் திற."
திறந்தேன். டக்.
அவருக்கே கேட்டது.

கன்டெய்னர் மூலையில் பூட்டு விழும்போதும்
அதே டக்.
க்ளைபேடா துறைமுகத்தில், நாற்பது மீட்டர் உயரக் கூண்டில்,
பதினோரு வருடம் அதைக் கேட்டே பிழைத்தவள் நான்.
இப்போது எனக்குள்ளேயே ஒரு பூட்டு
விழுந்து விழுந்து கழன்றது.

தாடைக்கென்று ஒருவர் இருந்தார், டாக்டர் ஷிம்குஸ்.
"மூன்று விரலை அடுக்கி நுழை" என்றார்.
ஒன்றரைதான் போனது.
மருந்துச்சீட்டின் பின்புறம் படம் போட்டார்:
எலும்புக் குமிழ், அதற்கொரு குழி,
நடுவில் மெத்தை மாதிரி ஒரு சில்லு.
சில்லு முன்னால் நழுவிவிட்டது,
குமிழ் அதன்மேல் ஏறி இறங்குகிறது.
"தூக்கத்தில் பல் கடிப்பாயா?"
தூங்குகிறவளுக்கு எப்படித் தெரியும்.
பக்கத்தில் படுத்தவன் போய் மூன்று வருடம்.
"பகலில்?"
பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்ப்பது
சும்மா பேச்சுக்குச் சொல்வது என்றே நினைத்திருந்தேன்.

நவம்பரில் ஒரு காற்று.
நாற்பதடிப் பெட்டி ஊஞ்சலாடியது.
கீழே மஞ்சள் சட்டையில் ரமூனாஸ்.
அவன் தலைக்கும் பெட்டிக்கும் நடுவே
ஒரு முழம் இருந்திருக்கும்.
ஒன்றும் ஆகவில்லை.
அறிக்கையிலும் அப்படித்தான் எழுதினார்கள்.
நானும் கையெழுத்துப் போட்டேன்.

இதை டாக்டரிடம் சொல்லவில்லை.

இரவுக்கு ஒரு பல்கவசம் தந்தார்கள்.
காலையில் எடுத்தால் அதில் கீறல்கள்,
ராத்திரியெல்லாம் யாரோ உட்கார்ந்து
எழுதி எழுதி அடித்த மாதிரி.
கறுப்பு ரொட்டி கூடாது. சூரியகாந்தி விதை கூடாது.
சூயிங்கம் கூடவே கூடாது.
கோடையில் குடிக்கிற பீட்ரூட் குளிர்சூப்பை
பிப்ரவரி முழுக்கக் குடித்தேன்.
கடைக்காரி பார்த்த பார்வையே ஒரு தனி வலி.
வெந்நீர்த் துண்டு, கன்னத்தில், பத்து நிமிடம்.
செவ்வாய்தோறும் இயன்முறைக்காரி ஔஷ்ரினே.
கையுறைக் கட்டைவிரலை வாய்க்குள் விட்டு
ஒரு தசையைத் தேடிப் பிடிப்பாள்.
"கல்லு. இது எதைத் தாங்குது?"
நாற்பதடிப் பெட்டி என்றேன்.
விரல் உள்ளே இருந்ததால்
அவளுக்குக் கேட்டது வெறும் முனகல்.
கண்ணில் நீர் வந்த பிறகும் அவள் விரலை எடுக்கவில்லை.

உதடு சேரலாம், பல் சேரக் கூடாது.
மெல்லாத நேரத்தில் பல்லுக்குப் பல்லிடம் வேலையே இல்லை.
நாக்கு மேலண்ணத்தில் சும்மா கிடக்கட்டும்.
மறந்துபோகும் என்று
கூண்டின் கண்ணாடியில் ஒரு நீலப் பொட்டு ஒட்டினேன்.
பார்க்கும்போதெல்லாம் தாடையைத் தொங்கவிடு.
முதல் நாள் எண்ணிப் பார்த்தேன்:
எழுபது தடவை பார்த்தேன், எழுபது தடவையும் கடித்திருந்தேன்.

ஏப்ரலில் இரண்டரை விரல்.
ஒரு விடியலில் கப்பல் தாமதம்,
ரமூனாஸ் கீழே நின்று கொட்டாவி விட்டான்.
நாற்பது மீட்டர் ஏறி வந்து எனக்கும் தொற்றியது.
நாக்கை மேலே ஒட்டிக்கொண்டு, பாதியளவு.
டக்.
வலியில்லாத சத்தத்தை விட்டுவிடு என்றிருந்தார் டாக்டர்.
விட்டேன்.

ஷிஃப்ட் முடிந்து படியிறங்கி
நேரே அவனிடம் போனேன்.
"அன்றைக்கு உன் தலை..."
"எந்த அன்றைக்கு, ஸ்கைஸ்தே?" என்றான்,
கை நிறையச் சூரியகாந்தி விதையை நீட்டியபடி.
வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
முதலிலிருந்து சொன்னேன்.