கடைவாய்

பகலெல்லாம் பல் செய்கிறவள் நான்.
ஜீலாங் ரயிலடிக்குப் பின்னால், ஜன்னலில்லாத ஓர் ஆய்வகத்தில்
முகமே பார்த்திராத வாய்களுக்கு
சிர்கோனியாவில் கடைவாய்ப் பற்கள்.
மயிரிழை உயர்ந்தால் தாடை வலிக்கும்,
மயிரிழை தாழ்ந்தால் சோறு மெல்லப்படாமலே இறங்கும்.
நீலத்தாளைக் கடிக்கவைத்துப் பார்த்து
பொட்டு விழுந்த இடத்தை மட்டும் உரசுவேன்.

ஆகவே காப்பிக்கொட்டை அரைக்க இயந்திரம் என்றதும்
பல்லைப் பார்த்துத்தான் வாங்குவேன் என்றேன்.
மாட்டைப் பார்ப்பதுபோலா, என்றான் அதியன்.
தானமாக வந்த மாடு ஏற்கெனவே இருக்கிறதே, என்றேன்.
அவன் அலுவலகக் குலுக்கலில் விழுந்த பரிசு அது.
உள்ளே ஒரு கத்தி சுற்றும்.
கொட்டைகள் ஓடும்.
சிக்கியது மாவாகும், தப்பியது பாதியாய்க் கிடக்கும்.
ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும்
பேசிக்கொள்ளாத சம்பந்திகள்போல் உட்கார்ந்திருக்கும்.

இரண்டு வாரம் அரைத்த மாவையே அரைத்தோம்.
கூம்புப் பல்லா, தட்டைப் பல்லா.
தட்டையில் சுவை துலக்கமாம், விலையும் துலக்கம்.
கையால் சுற்றுவதென்றால் சத்தமில்லை, மலிவு, நல்ல எஃகு.
ஆனால் என் மணிக்கட்டை நான்
வாரத்துக்கு நாற்பது மணிநேரம் வேறிடத்தில் விற்றாயிற்று.
மின்சாரம்தான். கூம்புதான். இருநூறு டாலருக்குள்.
புதிதாக எதுவும் அதில் அடங்கவில்லை.

நோர்லேனில் சனிக்கிழமை, மழை.
மிர்கோ தன் கராஜில் அதைப்
பழைய துண்டு விரித்து வைத்திருந்தார்.
இதயம், என்று தன் சட்டைப்பையைத் தட்டினார்.
நாளைக்கு ஆறு கோப்பை. டாக்டர் பூஜ்யம் என்றுவிட்டாள்.
நூற்றெண்பது.

மேல்மூடியைத் திருகி எடுத்தேன்.
பையிலிருந்து என் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.
அவர் ஓரடி பின்வாங்கினார்.
வெளிவளையம் சுத்தம். அச்சு ஆடவில்லை.
நடுக்கூம்பில் மட்டும், விளிம்பில்,
ஒரு பல் முனை உடைந்திருந்தது.
கல் கடித்திருக்கும். கொட்டையோடு சில சமயம் கல்லும் வரும்.

காட்டினேன். நம்பவில்லை.
கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.
பிறகு வாயை அகலத் திறந்து
வலப்பக்கம் கீழே விரலை வைத்துச் சொன்னார்:
எனக்கும் ஒன்று இப்படித்தான்.
எட்டிப் பார்த்தேன், பழக்கதோஷம்.
நூற்றைம்பதுக்கு முடிந்தது.

வீட்டில் தூரிகையால் துடைத்தபோது
இடுக்கிலிருந்து ஒரு கரண்டிப் பொடி உதிர்ந்தது,
அவருடைய கடைசிக் கோப்பையின் மிச்சம்.
குப்பையில் போடக் கை கொஞ்சம் தயங்கியது.
போட்டேன், ஊசிப்போயிருந்தது.

திருகு வளையத்தில் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே
நகப்பூச்சில் ஒரு சிவப்புப் பொட்டு.
மிர்கோவின் நகமாக இருக்க வழியில்லை.
கேட்டிருக்கலாம்.
அந்தப் பொட்டிலேயே அரைத்துப் பார்த்தேன்:
ஊற்றிய நீர் காகிதக் கூம்பில் தேங்கி நின்றது,
ஐந்து நிமிடம், தார்போல் கசப்பு.
பதினெட்டில் தண்ணீராய் ஓடியது.
பதினைந்தில் மூன்று நிமிடம்.
பதினான்கில், கொட்டைமேல் ஈரவிரலால் ஒரு துளி தெளித்து
(இல்லாவிட்டால் உமி பறந்து மேடையெங்கும் ஒட்டும்)
மூன்றரை.
அங்கே நின்றேன். பொட்டை அழிக்கவில்லை.

பொடி பொடிதானே, என்கிறான் அதியன்,
கோப்பையை நீட்டியபடி.
இருக்கலாம்.
ஆனால் கொஞ்சம் ஆறியபின், மூன்றாம் மிடற்றில், ஓர் ஓரத்தில்
லேசாக ஒரு புளிப்பு.
அந்த உடைந்த முனை அரைக்காமல் விட்டது.
விழுந்த பல்லின் இடத்துக்கு நாக்கு போவதுபோல
தினமும் அதைத் தேடிப் போகிறேன்.
சில நாள் கிடைக்கிறது.