பதம்

பாகம் பிரித்த அன்றைக்கு
ஆலை மூத்தாருக்குப் போனது,
கொப்பரை எங்களுக்கு வந்தது.
பத்திரத்தில் குழந்தைவேலு, சடையாண்டி என்று
இரண்டு பெயர் இருக்கிறது.
இரண்டையும் நான் எழுதலாம்,
வாயால் சொன்னதில்லை.
சர்வேயர் சங்கிலி இழுத்த கோடு
அடுப்புக் குழியின் நடுவே ஓடுகிறது.

அதனால் மார்கழியில் ஒரு ராத்திரி
பூலத்தூர்ச் சரிவில்
பேசாத அண்ணனும் தம்பியும்
ஒரே புகையில் நிற்க வேண்டியிருக்கிறது.
கதிர் கொய்து தோகை உரித்த சோளத்தட்டை
யார் கோபத்துக்கும் காத்திருக்காது,
மூன்றாம் நாள் புளிக்கத் தொடங்கிவிடும்.

மயிலைக் காளை வழியாகத்தான் பேச்சு.
"மயிலை, இன்னும் அஞ்சு கட்டு கிடக்குன்னு சொல்லு."
"மயிலை, எனக்கும் கண்ணு இருக்குன்னு சொல்லு."
காளை சுற்றுகிறது,
கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
சாணி போட்டபடி.

சாறு பச்சையாக இறங்கும், குளத்துப் பாசி நிறம்.
நாக்கில் வைத்தால் முதலில் புல்,
அப்புறம் இனிப்பு, கடைசியில் கொஞ்சம் மண்.
பானையில் தெளியவைத்து
அடியில் தங்கிய மாவை விட்டுவிட்டு ஊற்றுவோம்.
உண்ணிமுள் விறகு, கவாத்து செய்த சில்வர் ஓக் கிளை.
நானும் ஓரகத்தி நாச்சம்மாளும்
எதிரெதிரே நின்று நுரை அள்ளுகிறோம்.
ஊற்றுத் தண்ணீருக்குப் போகும்போது
வருஷம் முழுக்கப் பேசுகிறவர்கள்தான்,
இங்கே மட்டும் ஊமை.
அள்ளிய நுரையைக் குழியில் கொட்டினால்
பனிக்குள்ளே காட்டுமாடு மூக்கை உறிஞ்சும் சத்தம்.
யாரும் விரட்டுவதில்லை.
அதுவும் ஒரு பங்காளி.

கரும்புப் பாகு ஒரு கட்டத்தில் மனசு இறுகி
அச்சில் உட்கார்ந்துவிடும்.
சோளப்பாகுக்கு அந்தக் குணம் இல்லை.
எவ்வளவு காய்ச்சினாலும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கும்,
தாண்டினால் நேராகக் கரி.
நடுவில் இருப்பது நாலு மூச்சு.
அதற்குள் ஒருவர் சொல்ல வேண்டும்,
இரண்டு பேரும் ஒன்றாய்த் தூக்க வேண்டும்.

போன வருஷம்
அண்ணன் சொல்லட்டும் என்று தம்பியும்
தம்பி சொல்லட்டும் என்று அண்ணனும் நின்றதில்
அறுபது கட்டுத் தட்டை,
ஒன்பது பானைச் சாறு.
காலையில் கொப்பரையைச் சுரண்ட
உளி வேண்டியிருந்தது.

இந்த வருஷமும் நடுச்சாமம் தாண்டியது.
சளசளப்பு அடங்கிக்
குமிழ்கள் பெருத்துத் தவளைக் கண்போல முழித்துப்
பொத்துப் பொத்தென்று உடைந்தன.
கரண்டியை உயர்த்தினேன்.
பாகு சொட்டவில்லை,
பசுவின் நாக்குப்போல அகலமாய்த் தொங்கியது.
கழியின் இரண்டு முனையிலும் தோள்கள் தயார்.
என் வீட்டுக்காரர் நெருப்பைப் பார்த்தார்.
மூத்தார் மேகத்தைப் பார்த்தார்.
ஒரு மூச்சு.
ரெண்டு.

மூத்தாரிடம் பதினாலு வருஷமாக
நேராய் ஒரு வார்த்தை பேசியதில்லை நான்.
கதவுக்குப் பின்னால் நின்று,
பிள்ளைகளைத் தூது விட்டு,
"சோறு ஆறுதுங்க" என்று சுவரிடம் சொல்லி.
சுவருக்கும் ஒரு 'ங்க' வைத்துத்தான்.
மூன்றாவது மூச்சில்
அந்த 'ங்க'வுக்கு இடம் இல்லை.

"இறக்கு!"

கொப்பரை எழுந்தது.
மண்மேடையில் உட்கார்ந்தது, சிந்தாமல்.
நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
நாச்சம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்,
தோள் மட்டும் குலுங்கியது.
வெகுநேரம் கழித்து மூத்தார்
காளையின் கழுத்தைத் தடவியபடி,
"மயிலை, பதம் சரியா இருந்துச்சுன்னு சொல்லிடு" என்றார்.
யாரிடம் என்று சொல்லவில்லை.

விடிந்ததும் டின்களை எண்ணினோம்.
ஐந்து.
ஆளுக்கு இரண்டு போக
ஐந்தாவது வரப்புக்கல் மேல் இருக்கிறது,
மூடியைச் சுற்றி எறும்பு.
இன்னும் யாரும் தொடவில்லை.
வத்தலக்குண்டு பஸ் வர
அரைமணி நேரம் இருக்கிறது.