பதினொரு விநாடி

கோரேகாவ் கிழக்கில், ஒரு பெயின்ட் கடைக்கு மேலே
எனக்குப் பத்தடி நிலம் இருக்கிறது.
ஒரு கட்டம் சரளை, ஒரு கட்டம் மணல்,
ஒரு கட்டம் கடப்பாக்கல், ஒரு கட்டம் தேக்குப்பலகை.
திரையில் யார் நடந்தாலும்
இருட்டில் நான்தான் நடக்கிறேன்.
நாயகிகளின் குதிகால்கள் என்னுடையவை.
போன மாதம் ஒரு யானைகூட நான்தான்.

இந்த மாதம் ஹோஷங் பேட்டிவாலா.
படங்கள் வாய் திறக்காத காலத்தில்
அவர் விழுந்தார்,
பம்பாய் விழுந்து விழுந்து சிரித்தது.
இப்போது அவர் வாழ்க்கையைப் படமெடுத்திருக்கிறார்கள்.
இரண்டேகால் மணி நேரம்.
தியேட்டரின் கூரையிலிருந்தும் சத்தம் வருமாம்.

பொத்தென்று ஒரு ஓசையில்லாமல்
ஆயுள் முழுக்க விழுந்த மனிதருக்கு
பொத் போட
என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஏணியிலிருந்து விழுகிறார்: அரிசி மூட்டை.
டிராமிலிருந்து: என் முழங்கையும் பலகையும்.
மாமனார் மடியில்: ஈரத் துண்டு, இரண்டு முறை.
விலா எலும்பு ஒடிய வெண்டைக்காய்.
நுனி ஒடித்து ஒடித்துப் பார்த்து வாங்கியதில்
காய்காரர் மராத்தியில் என் வம்சத்தையே திட்டினார்.
அவருக்கு எப்படிச் சொல்வது,
குழம்புக்கில்லை அண்ணா, ஒரு பார்சிக்காரரின் விலாவுக்கு என்று.

அவருடைய ஷூ அண்ணனுடையதாம். இரண்டு சைஸ் பெரிது.
அதே மாதிரி ஒரு ஜோடி தேடி
உள்ளே பழைய தாவணியைத் திணித்து நடக்கிறேன்.
சரக், டொப். சரக், டொப்.

படங்கள் பேசத் தொடங்கியதும் வேலை போயிற்று.
கீச்சுக்குரல் என்றார்களாம்.
கேட்டவர்கள் ஒருவரும் இப்போது இல்லை.
படத்தில் நடிகர் தன் சொந்தக் குரலில்
கனமாக, மிக அழகாகப் பேசுகிறார்.

நிஜ ஹோஷங் மிஞ்சியிருப்பது
பதினொரு விநாடி.
மற்ற பிலிமையெல்லாம் வெள்ளிக்காக உருக்கிவிட்டார்கள்.
எந்தப் பெண்ணின் கொலுசில் இருக்கிறாரோ.

அந்தப் பதினொரு விநாடியில்
கைநிறையத் தட்டுகளோடு வருகிறார்.
தடுக்குகிறது. சாய்கிறார். நிமிர்கிறார்.
மறுபடி சாய்கிறார்.
ஒரு கால் அந்தரத்தில் இருக்கும்போது
நம்மைப் பார்க்கிறார்.
அதோடு பிலிம் அறுந்துபோகிறது.
விழுவதற்கென்றே பேர் வாங்கியவர்
விழவேயில்லை.

இதற்குச் சத்தம் வேண்டாம் என்றாள் இயக்குநர் அனாஹிதா.
வெறுமனே விட்டால் ஸ்பீக்கர் போச்சு என்பார்கள் என்றான் பிரதமேஷ்.
மௌனத்தையும் பதிவுசெய்துதான் ஆகவேண்டும்.
ஏசி நிறுத்தி, போன் நிறுத்தி,
மூன்று பேரும் ஒரு நிமிடம்
சும்மா நின்றோம்.

நாற்பதாவது விநாடியில் என் வயிறு பேசியது.
காலையில் தின்ற ஒரே ஒரு வடாபாவ்,
கொர்ர்ர், என்ன ஒரு நீளம்.
அனாஹிதாவுக்குத் தாங்கவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.
ஹெட்போன் போட்டிருந்த பிரதமேஷ்
காதைப் பிடித்துக்கொண்டு, ஜெபக்கனி, வயிறா அது, மெட்ரோவா என்றான்.
இரண்டாவது டேக்கில் எனக்குச் சிரிப்பு.
மூன்றில் அவனுக்கு.
ஆறாவதில்தான் மௌனம் கிடைத்தது.
எனக்கு ரீல் கணக்கில் சம்பளம்.
அது பில்லில் ஏறாது.

எல்லோரும் டீக்கு இறங்கிய பிறகு
அந்தத் துண்டை மறுபடி ஓடவிட்டேன்.
யாரும் கேட்கவில்லை. ஷூவை மாட்டிக்கொண்டேன்.
அவர் தடுக்க நான் தடுக்கினேன்,
அவர் சாயச் சாய்ந்தேன்.
திரை வெள்ளையானபோது
என் வலது கால் மேலே நின்றது.
கீழே சரளை, மணல், கல், பலகை.
எதன் மேல் வந்துகொண்டிருந்தார் என்று
எந்தக் குறிப்பிலும் இல்லை.

தொடை நடுங்கத் தொடங்கிய நேரம்
கீழே பெயின்ட் கடைக்காரர்
ஷட்டரை இழுத்துவிட்டார்.